வளர்ந்த பலகை

மலையாளக் கரையின் மார்கழியான தனு மாதம் பிறந்துவிட்டால் கொச்சங்காடி வாய்க்கால் விடிவதற்கு முன்பே ஏறிவிடும். மழை வேண்டாம். கடல் பொங்கினால் போதும். முதலில் கக்கூஸ் குழிக்குள் களக் களக் என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு பின்வாசல் படியை நனைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கோடு உள்ளே நகரும். பாண்டிச்செல்வி எழுந்து விளக்கைப் போடும்போது தண்ணீர் அடுக்களை நடுவில் நின்றுகொண்டிருக்கும். அதன் மேல் கோபப்படுவதைக்கூட அவள் நிறுத்திவிட்டாள். அரிசி வாளி செங்கல் மேல், மகள் அம்பிளியின் பள்ளிக்கூடப் பை கட்டில் மேல், லேப்டாப் பீரோவின் தலை மேல். எல்லாம் முந்தின நாள் சாயங்காலமே ஏற்றி வைத்தவை. எட்டு மணிக்குத் தண்ணீர் தானாக இறங்கும். தங்கிய சேற்றை வழித்து, பினாயில் ஊற்றித் துடைத்து, மகளை அனுப்பிவிட்டு, ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு அவள் மீன் அளக்க உட்காருவாள்.

மீனைத் தொடாமல் அளக்கிற வேலை. அவள் கணவன் இசக்கிராஜா தினமும் விடியற்காலையில் தோப்பும்படித் துறைமுகத்தில் மத்தியைப் படம் எடுப்பான். ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. அதன் மேல் பத்துப் பத்தாக மீன். மீனுக்குக் கீழே ஒரு ஸ்கேல். நான்கு பி.வி.சி. குழாய்களைக் காலாக வைத்துச் செய்த தாங்கியில், நேர் மேலே, செல்போன். ஏலம் தொடங்குவதற்குள் நாற்பது படம் எடுத்துவிட வேண்டும். அவை எட்டு மணிக்கெல்லாம் இங்கே வந்து சேர்ந்துவிடும்.

ஒரு படத்தைத் திறந்தால் பாண்டிச்செல்வி முதலில் ஸ்கேலின் பூஜ்யத்தில் ஒரு புள்ளி வைப்பாள், பத்தில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் என்று கம்ப்யூட்டரிடம் சொல்வாள். அது அந்த நீளத்தைத் திரைப் புள்ளிகளாக எண்ணி நானூறு புள்ளி, நானூற்றிரண்டு புள்ளி என்று காட்டும். அதன் பிறகு ஒவ்வொரு மீனுக்கும் மூக்கு நுனியில் ஒரு சொடுக்கு, வால் நுனியில் ஒரு சொடுக்கு. எண் தானாக அட்டவணையில் போய் விழும்.

மாளவிகாதான் இதைச் சொல்லிக்கொடுத்தாள். ஆலுவாவிலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரப் பெண். மத்தி ஏன் வளராமல் சின்னதாகவே கரைக்கு வருகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. பேசுவது மலையாளம். இவர்கள் வீட்டுக்கு வந்து வந்து பாதி தமிழாகிவிட்டது. “கரையில நின்னு டேப் வெச்சு மூணு பேரு அளந்தா மூணு அளவு வரும், சேச்சி. படம்னா அப்படியில்லை. சந்தேகம் வந்தா நாளைக்கும் அதே மீனைத் திருப்பிக் கேக்கலாம்” என்றாள் முதல் நாள்.

அதற்கு முன் பாண்டிச்செல்வி எட்டு வருடம் இறால் உரிக்கும் கொட்டகையில் இருந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல்கள் அவித்த கிழங்குபோல வெளுத்திருக்கும். சாயங்காலம் எடை போடும் ஆள் ஒரு எண் சொல்வான். அவள் மனதில் ஒரு எண் இருக்கும். அவளுடைய எண்ணை எவரும் கேட்டதில்லை. இந்த வேலையில் கை காய்ந்திருந்தது. அதைவிட, அவள் வைத்த புள்ளியை ஒருத்தி நம்பி எழுதிக்கொண்டாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் மட்டும் இல்லை. சொல்லிவிட்டால் அது போய்விடுமோ என்று ஒரு பயம்.

வியாழக்கிழமை காலை மூன்றாவது படத்தில் ஸ்கேல் தெரியவில்லை. ஸ்கேலின் லாமினேஷன் தாளில் விளக்கு வெளிச்சம் பட்டு எண்கள் எல்லாம் வெள்ளையாகப் போயிருந்தன. பூஜ்யமும் இல்லை, பத்தும் இல்லை. அந்தப் படத்தைத் தள்ளிவிடலாம். ஆனால் மீன்கள் ஒழுங்காக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் கிடந்தன. அவளுக்கு மனம் வரவில்லை. பலகையின் ஞாபகம் வந்தது. பலகை நாற்பத்தைந்து சென்டிமீட்டர் அகலம். முதல் நாள் மாளவிகாவே டேப் வைத்து அளந்து காட்டியது. பலகையின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி, வலது ஓரத்தில் ஒரு புள்ளி, நாற்பத்தைந்து என்று தட்டினாள்.

பத்து சென்டிமீட்டருக்கு நானூறு புள்ளி என்று காட்டியது.

நானூறு. அந்த எண்ணைப் பார்த்து ஏழு மாதமாகிவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து முந்நூற்று எழுபத்திரண்டுதான் வந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் இசக்கிராஜா தாங்கியில் ஒரு குழாயை மாற்றியிருந்தான். போன் கொஞ்சம் உயரமாகிவிட்டது போல என்று அவள் நினைத்து விட்டுவிட்டாள். உயரம் மாறினால் பரவாயில்லை, ஸ்கேலும் கூடவே சின்னதாகத் தெரியும், அளவு கெடாது என்று மாளவிகா சொல்லியிருந்தாள்.

அடுத்த படத்தைத் திறந்தாள். இதில் ஸ்கேல் நன்றாகத் தெரிந்தது. ஸ்கேலை வைத்தே பலகையை அளந்தாள்.

நாற்பத்தெட்டு புள்ளி நான்கு.

மறுபடி அளந்தாள். அதேதான். முந்தின நாள் படம், நாற்பத்தெட்டு புள்ளி நான்கு. நவம்பர், அக்டோபர், ஓணத்துக்கு முந்தின வாரம், எல்லாம் அதே. மே மாதத்தைத் திறந்தாள். நாற்பத்தைந்து. ஏப்ரல், நாற்பத்தைந்து. ஜூன் இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை வரை நாற்பத்தைந்தாக இருந்த பலகை, புதன்கிழமை மூன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது.

பலகையின் மூலையில் கத்தி பட்ட ஒரு கீறல் உண்டு. இரண்டு படத்திலும் அந்தக் கீறல் இருந்தது. அதே பலகை. பிளாஸ்டிக் பலகை வளராது. அப்படியென்றால் ஸ்கேல் சுருங்கியிருக்கிறது. ஸ்கேல் சுருங்கியிருந்தால் மீன் அத்தனையும் பெரிதாகக் காட்டியிருக்கிறது.

அவள் மடிக்கணினியை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம். எழுபதாயிரத்துச் சொச்சம் மீன். அந்த ஏழு மாதத்தில்தான் மத்தி பத்தைத் தாண்டியது. பத்து சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள மத்தியைப் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். ஒன்பதரைக்குக் கீழேயே தவழ்ந்துகொண்டிருந்த சராசரி, ஜூனுக்குப் பிறகு பத்துக்கு மேல் வந்து உட்கார்ந்தது. மாளவிகா போனில் கத்தினாள், “சேச்சி, வளர்ந்தாச்சு, வளர்ந்தாச்சு!” என்று. சனிக்கிழமை துறைமுகத்தில் வள்ளக்காரர்களைக் கூட்டி அதைச் சொல்லப் போகிறார்கள். மேடை, மைக், மீன்துறை ஆட்கள். இத்தனை படமும் எடுத்தவன் என்று இசக்கிராஜாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு.

வாசலில் சீனியம்மாளின் சத்தம் கேட்டது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, தோப்பும்படியில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். தலைச்சட்டியை இறக்காமலே பேசுவாள்.

“என்ன செல்வி, மீனுக்கெல்லாம் ஆதார் போட்டோ புடிச்சு முடிஞ்சுதா? எனக்கு ஒரு மத்திக்காவது கார்டு வாங்கிக் குடேன், விலை கூட்டி விக்கேன்.”

“எறக்குங்கக்கா. இன்னைக்கு என்ன இருக்கு?”

“என்ன இருக்கும்? மத்திதான். ஒரு கூறு போடுதேன். அளந்து மட்டும் பாத்துராத, அழுதிருவ.” சீனியம்மாள் சட்டியை இறக்கி முதுகை நிமிர்த்தினாள். “சனிக்கிழம கூட்டமாமே. மத்தி வளந்துட்டுன்னு சொல்லப் போறாவளாம். ஹார்பர்ல ஒரே சிரிப்பாணி. எங்கட்டி வளந்துச்சு? என் சட்டிக்குள்ள மட்டும் வளர மாட்டேங்கு. உன் கம்ப்யூட்டர்க்குள்ள என்ன தீனி போடுத?”

பாண்டிச்செல்வி ஒரு மத்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். மணிக்கட்டு ரேகையில் வாலை வைத்தால் நடுவிரலின் முதல் மடிப்புக்கு வரவில்லை. தினமும் அரிகிற மீன். தினமும் கைக்குத் தெரிந்திருந்தது. அளக்கிற வேலைக்கு வந்த பிறகு கை சொல்வதை அவள் கேட்பதில்லை.

“என்ன, நெசமாவே அழுதுருவ போலிருக்கே” என்றாள் சீனியம்மாள்.

“பினாயில் நெடிக்கா. கண்ணு எரியுது.”

பத்து மணிக்கு இசக்கிராஜா வந்தான். அவன் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அன்றைக்கு முதுகு எப்படி என்று அவளுக்குத் தெரியும். ஒரு செருப்புக்கும் மற்றொன்றுக்கும் நடுவே நேரம் கூடினால் வலி கூடுதல். மூன்று வருடத்துக்கு முன்னால் ஐஸ் பாளம் சறுக்கி இடுப்பில் விழுந்தது. தடுக்கப் போன இடது கைச் சுண்டுவிரல் ஒடிந்து வளைந்தே சேர்ந்துவிட்டது. அதோடு பெட்டி தூக்குகிற வேலை போயிற்று. ஒரு வருடம் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். அந்தச் சுவரைப் பார்த்தபடியே அவளை ஏசினான், அவளும் ஏசினாள். பிறகு மாளவிகா துறைமுகத்தில் தினமும் படம் எடுக்க ஒரு ஆள் தேடினாள்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். அவள் சாயாவை நீட்டினாள். பிறகு அரிவாள்மனையைப் போட்டு மீன் அரியத் தொடங்கினாள்.

“சட்டைய இஸ்திரிக்குக் குடுத்துட்டேன். நீலம். அம்பிளி சொல்லுதா, மேடையில நீலம்தான் எடுப்பா இருக்குமாம்” என்றான்.

“ஏங்க, அந்த ஸ்கேல் எங்க?”

“எந்த ஸ்கேல்?”

“எத்தன ஸ்கேல் வச்சிருக்கிய? போட்டோவுல வைக்கிறது.”

“பையில கெடக்கும். எதுக்கு?”

“அது மாளவிகா குடுத்த ஸ்டீல் ஸ்கேல் இல்லையே. லாமினேஷன்லா பண்ணியிருக்கு.”

அவன் சாயாவை ஆற்றினான். ஏற்கெனவே ஆறிய சாயா. “ஆமா, அது உப்புல துருப்புடிச்சு எழுத்தெல்லாம் போச்சு. முழுசும் அழியதுக்கு முந்தி ஷாஜி ஜெராக்ஸ் கடையில ஒரு காப்பி எடுத்து, லாமினேஷன் போட்டேன். ஏன், நல்லாத்தான இருக்கு? பளிச்சுனு?”

“எப்ப எடுத்திய?”

“மழை தொடங்குன சமயம். ஜூனோ என்னவோ.”

“மாளவிகாகிட்ட சொன்னியளா?”

“இதெல்லாமா சொல்லுவாக? காப்பின்னா காப்பிதானட்டி? ரேசன் கார்டு காப்பி குடுத்தா அரிசி இல்லன்னுட்டானா? ஆதார் காப்பி குடுத்துத்தான அம்பிளிய சேத்தோம். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே ரிப்போர்ட்டுக்கே காப்பிதான் கேட்டான். காப்பியில ஆளு குட்டையா ஆயிருவானா?”

அவள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தாள். அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த வீட்டில் அசல் என்பது டிரங்குப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் இருப்பது. வெளியே போனது எல்லாம் காப்பி. எந்த ஆபீசிலும் எவரும் அதன் மேல் அசலை வைத்து, நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததில்லை.

“உனக்காகத்தான் செஞ்சேன்” என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. “நீதான நாயி மாதிரி கொலச்ச. எழுத்து தெரியல, கண்ணு போவுது, ஸ்கேல ஒழுங்கா வைக்கத் தெரியாதான்னு.”

அவளுக்கு நினைவிருந்தது. ஜூன் மாதம். அம்பிளிக்குக் காய்ச்சல். படத்தில் துருவும் எண்ணும் ஒன்றாகக் கலந்திருந்த ஸ்கேல். அவன் வாசலில் மழையில் நனைந்து நிற்கும்போதே அவள் கத்தியிருந்தாள். மறுநாள் படத்தில் எண்கள் கறுப்பாக, கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் வந்தன. சந்தோஷமாக இருந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. கத்தியதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டி வருமே என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

அம்பிளியின் ஜியாமெட்ரி பெட்டியோடு வந்த நீள ஸ்கேல் வீட்டில் இருந்தது. அவள் கை கழுவிவிட்டு, அவன் பையிலிருந்த லாமினேஷன் தாளை எடுத்து இரண்டையும் தரையில் வைத்தாள். பூஜ்யத்தோடு பூஜ்யம். காப்பியில் முப்பது இருந்த இடத்தில் மகளின் ஸ்கேல் இருபத்தேழு புள்ளி ஒன்பது காட்டியது. இசக்கிராஜா குனிந்து பார்க்க முடியாமல் காலால் தாளை நகர்த்தி, தன் பக்கமாகத் திருப்பி, மறுபடி பார்த்தான்.

சாப்பாட்டுக்கு முன்னால் அவள் ஷாஜியின் கடைக்குப் போனாள். பக்கத்துக் கிடங்கில் சுக்கு காயப்போட்டிருந்தார்கள். தெரு முழுவதும் அந்தக் காரமான தூசி. ஷாஜி மெஷினின் வயிற்றைத் திறந்து வைத்து உள்ளே ஊதிக்கொண்டிருந்தார்.

“ஷாஜிச்சேட்டா, இது நீங்க எடுத்த காப்பிதானே?”

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஆமாமா, ராஜா கொண்டுவந்தது. துரு மறைய டார்க் கூட்டி வெச்சு எடுத்தேன். நல்லா வந்திருக்கே.”

“இது அளவு கொறஞ்சிருக்கு.”

“கொறையாம பின்னே? ஸ்கேல் முப்பது. ஏ ஃபோர் பேப்பர் முப்பது இல்லல்லோ மோளே, மூணு மில்லி குறைவு. ரெண்டு முனையும் வெட்டுப்படும். அதுகொண்டு நூத்தைத் தொண்ணூத்திமூணா சுருக்குற பட்டன் போட்டேன். ஓரத்துல நில்லாத பேப்பர் எல்லாம் தொண்ணூத்திமூணுதான், இருபது வருஷமா. நம்பர் எல்லாம் உண்டில்லே? ஒண்ணும் விட்டுப்போகலையே?”

“விட்டுப்போகலை.”

“அப்ப என்ன பிரஸ்னம்?”

“ஒண்ணுமில்ல சேட்டா” என்று தாளை வாங்கிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் இசக்கிராஜா தானாகவே பேச்சை எடுத்தான். கட்டிலில் படுத்திருந்தான். முகம் சுவர்ப் பக்கம்.

“நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. நாளையிலேர்ந்து நல்ல ஸ்கேல் வச்சிருதேன். ஜனவரியில மத்தி மறுபடியும் சின்னதாயிட்டுன்னு இருந்துட்டுப் போவட்டும். கடல்ல எதுதான் நடக்காது? தண்ணி சூடாச்சு, காத்து மாறிச்சுன்னு அவுகளே ஒரு காரணம் கண்டுபிடிச்சிருவாக.”

“அதுக்குத்தான படிக்கா அந்தப் புள்ள. காரணம் கண்டுபிடிக்க. இல்லாததுக்குப் போயி காரணம் கண்டுபிடிப்பா.”

“அவ படிச்சவ, பொழச்சுக்கிடுவா. நமக்கு?”

“வள்ளக்காரங்க இத வச்சு சின்னக் கண்ணி வலை போடலாம்னு கேப்பாங்க. வளந்துட்டுல்லா, இனி என்னன்னு.”

“நீ எப்பட்டி வள்ளக்காரனுக்கு வக்கீலான? எறா உரிக்கையில தண்ணியோட எடை போடுவேன்னு நீயே சொல்லியிருக்க. அப்ப எங்க போச்சு இந்த ஞாயம்?”

அது உண்மை. கொட்டகையில் எல்லோரும் கூடையை வடியவிடாமல் கொண்டுபோவார்கள், அவளும்தான். அங்கே முதலிலேயே அவள் பேச்சு பொய் என்று வைத்துக்கொண்டுதான் எடை போட்டார்கள். பொய்யென்று நினைப்பவனிடம் பொய் சொல்வது அவளுக்குப் பெரிய காரியமாக இருந்ததில்லை. நம்புகிறவளிடம் எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. களைப்பாக இருந்தது. எல்லாம் அப்படியே கிடக்கட்டும், சனிக்கிழமை வந்து போகட்டும் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு சுகமாக இருந்தது என்பது அவளுக்கே பயமாக இருந்தது.

“செல்வி.” அவன் திரும்பவில்லை. “ஹார்பர்ல எனக்கு ஐஸ் விழுந்தவன்னுதான் பேரு. ரெண்டு வருஷமாத்தான் போட்டோ அண்ணன்னு கூப்பிடுதானுவ. கேலிக்குத்தான், எனக்குத் தெரியும். ஒரு தடவ மேடையில ஏறிக்கிடுதேன். பொறவு நீ சொல்லிக்கோ.”

அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பனியனுக்கு மேல் முதுகு வலிக்குக் கட்டும் பெல்ட்டின் தடம் தெரிந்தது. சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று இரண்டாவது முறை கேட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் மாளவிகா வந்தாள். காலையில் ஏறிய தண்ணீரின் ஈரம் தரையில் இன்னும் காயவில்லை. தோளில் ஒரு நீளமான ஃப்ளெக்ஸ் சுருள். உள்ளே வந்ததும் அதைக் கட்டில் மேல் விரித்தாள். இடது ஓரத்தில் தாழ்ந்து கிடந்த ஒரு நீலக் கோடு, நடுவில் எழுந்து, பத்து என்று போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டி மேலே போயிருந்தது. பக்கத்தில் இசக்கிராஜா எடுத்த மத்திப் படம், ஆள் நீளத்துக்கு. கீழே மலையாளத்தில் இரண்டு வரி.

“வாசிங்க, ராஜா சேட்டா” என்றாள் மாளவிகா.

அவன் விரலை வைத்து வாசித்தான். படங்கள், இசக்கிராஜா. அளவீடு, பாண்டிச்செல்வி. வாசித்து முடித்தும் விரலை எடுக்கவில்லை.

“அம்பிளி வரட்டும், காட்டணும்” என்றான்.

பாண்டிச்செல்வி அடுக்களைக்குப் போய்ச் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள். கொதிக்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயரை அச்சில் பார்த்தது, ரேசன் கார்டையும் ஆதாரையும் விட்டால், இதுதான். அந்தப் பெயருக்கு முன்னால் அளவீடு என்று எழுதியிருந்தது. அது இல்லாமல் வெறும் பெயராக இருந்திருந்தால் ஒருவேளை அவள் பேசாமல் இருந்திருப்பாள்.

சாயா டம்ளர்களோடு இரண்டு ஸ்கேலையும் கொண்டுவந்து, ஃப்ளெக்ஸின் மேல், மாளவிகாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். பூஜ்யத்தோடு பூஜ்யம்.

இசக்கிராஜா அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

மாளவிகாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு லாமினேஷன் தாளை நகத்தால் அழுத்தினாள். அழுத்தினால் நீளும் என்பதுபோல.

“எந்த மாசத்திலேர்ந்து?”

“ஜூன் ரெண்டாவது வாரம், புதன்கிழமை. பலகைய வச்சுப் பாத்தேன். நாப்பத்தஞ்சு இருந்தது, நாப்பத்தெட்டே புள்ளி நாலா வளந்திருக்கு. ஷாஜிச்சேட்டன் தொண்ணூத்திமூணு பட்டன் போட்டாராம்.”

“நானாக்கும் செஞ்சது” என்றான் இசக்கிராஜா திடீரென்று. “அவளுக்கு ஒண்ணும் தெரியாது. காப்பி எடுத்தது நான்.”

“எழுத்து தெரியலன்னு கத்துனது நான்.”

“நீ சும்மா இரி. பேசிக்கிட்டிருக்கேன்லா.”

“நீங்க சும்மா இருங்க.”

மாளவிகா இருவரையும் பார்க்காமல் சொன்னாள், “அந்தப் படங்களை நானும்தான் பார்த்தேன். தினமும். பலகையை ஒரு நாளும் பார்க்கலை. பத்தைத் தாண்டினப்ப எங்க அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வளரணும்னு அவ்வளவு ஆசை. அதனால பார்க்கலை.” சாயாவை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். “தொண்ணூத்திமூணுன்னு தெரிஞ்சதால பெருக்கினா சரியாகும். ஆனா அது மட்டும் போதாது, சேச்சி. ஏழு மாசப் படத்தையும் பலகையை வெச்சு மறுபடி அளக்கணும்.”

“அளக்கேன்.”

“அளந்தா என்ன வரும்னு தெரியுமில்லே?”

“ஒம்பதே புள்ளி நாலு.”

“அதே ஒன்பது புள்ளி நாலு. ஆரம்பத்துல எதுவோ, அது.”

இசக்கிராஜா தொண்டையைச் செருமினான். “நான் நாளைக்கு வரணுமா, மோளே?”

மாளவிகா யோசித்தாள். “வாங்க. மேடை இருக்காது. எங்க கைடு சார்கிட்ட இன்னைக்கே சொல்லிடுவேன். உங்க விஷயத்துல அவர் என்ன சொல்லுவார்னு எனக்குத் தெரியாது, ராஜா சேட்டா, சும்மா ஆறுதலுக்குச் சொல்ல முடியாது. அவர் சொல்ற வரைக்கும் நீங்கதான் படம் எடுக்கணும்.” தன் பையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அவனிடம் கொடுத்தாள். எழுந்தாள். ஃப்ளெக்ஸைச் சுருட்டப் போனவள் பாதியில் விட்டுவிட்டாள். “இது எனக்கு வேண்டாம்” என்றாள்.

அவள் போன பிறகு இசக்கிராஜா பாண்டிச்செல்வியிடம் பேசவில்லை. சாயங்காலமும் பேசவில்லை. சனிக்கிழமை காலை இஸ்திரிக் கடையிலிருந்து நீலச் சட்டையை வாங்கி வந்து, அதைப் போட்டுக்கொண்டே போனான்.

கூட்டத்தில் நடந்ததைச் சீனியம்மாள்தான் வந்து சொன்னாள். “அந்தக் கொச்சுப் புள்ள மைக் முன்னாடி நின்னு, தெற்றிப்போச்சு, தப்பாயிட்டு, மத்தி வளரலைன்னு சொல்லிச்சு பாத்துக்கோ. மைக் புடிச்சவங்க அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. ஒரே சிரிப்பு. ஒரு வள்ளக்காரன் எந்திச்சு, இதத்தான் நாங்க கையில புடிச்சுப் பாத்துச் சொன்னோம், இதுக்கு எதுக்கு மூணு வருஷம்னான். அளவு ஸ்கேல் மாறிப்போச்சுன்னு மட்டும்தான் சொல்லிச்சு, யாருன்னு சொல்லல.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “எவனோ பின்னாலேர்ந்து, போட்டோ அண்ணன்னு கத்துனான். உன் வீட்டுக்காரரு கடைசி வரிசையில இருந்தாரு. எந்திச்சு நின்னாரு, செல்வி. ஒண்ணும் பேசல. நின்னாரு, பொறவு உக்காந்தாரு. அதுக்கப்பொறம் சிரிப்பு அடங்கிப்போச்சு.”

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் ஃப்ளெக்ஸோடு மல்லுக்கட்டினான். மேலே ஏறும் நீலக் கோடு இருந்த பகுதியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, பின்வாசல் கதவின் கீழே அடித்து, ஓரத்தில் மண் மூட்டை வைத்தான். தண்ணீர் உள்ளே வர அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். பெயர்கள் இருந்த துண்டை வெட்டித் தனியாக வைத்திருந்தான். அது அன்று சாயங்காலம் பீரோவின் தலையில், லேப்டாப்புக்கு அடியில் கிடந்தது. அவள் பார்த்தாள், கேட்கவில்லை.

திங்கட்கிழமை எட்டரை மணிக்குப் படங்கள் வந்தன. பாண்டிச்செல்வி முதல் படத்தில் ஸ்டீல் ஸ்கேலின் பூஜ்யத்திலும் பத்திலும் புள்ளி வைத்தாள். நானூறு. பலகையை அளந்தாள். நாற்பத்தைந்து. அதன் பிறகுதான் அதைப் பார்த்தாள். பலகையின் கீழ் மூலையில், கீறலுக்குப் பக்கத்தில், ஒரு கை விரித்து வைக்கப்பட்டிருந்தது. இடது கை. ஈரமாக, நகத்தில் செதிலோடு. சுண்டுவிரல் வளைந்திருந்தது.

கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது படத்திலும் அதே இடத்தில் கை இருந்தது. நாற்பது படத்திலும் இருந்தது.

பத்து மணிக்கு ஒரு செருப்பு கழன்றது. வெகு நேரம் கழித்து இரண்டாவது செருப்பு. அவன் கட்டிலில் உட்கார்ந்ததும் அவள் திரும்பாமலே கேட்டாள்.

“படத்துல கை எதுக்கு வருது?”

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

“ஸ்கேல் துருப்புடிக்கும். பலகைய எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்” என்றான். “இது எங்க போவப் போவுது. இனிமே எவன் படம் எடுத்தாலும் அவன் கையி வேற. உனக்குத் தெரிஞ்சிரும்லா.”

அவன் சாயா கேட்டான். இந்தா வாறேன் என்றாள், எழுந்திருக்கவில்லை. படத்தில் அவன் மணிக்கட்டு ரேகையில் ஒரு புள்ளி வைத்தாள், நடுவிரல் நுனியில் ஒரு புள்ளி. பதினெட்டு புள்ளி ஆறு. பதினாறு வருடம் கூட இருந்தவனின் கை. அடுத்த படத்திலும் பதினெட்டு புள்ளி ஆறு. அதை எழுத அட்டவணையில் கட்டம் இல்லை. பிறகு எழுந்து போய்ச் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, ஜூன் மாதத்தைத் திறந்து, அந்தப் புதன்கிழமையின் முதல் படத்தில், பலகையின் இடது ஓரத்தில் புள்ளியை வைத்தாள்.